சிவப்புக் கோடு இல்லையென்றால் பிழை இல்லையென்று யார் சொன்னது?

போன வாரம் ஒருநாள் சாயங்காலம் ஆறரை மணி. மதுரை சிம்மக்கல்லில் எங்கள் தட்டச்சுக் கடையின் ஷட்டரைப் பாதி இழுத்துவிட்டேன். ஒரு தம்பி பென்டிரைவோடு குனிந்து உள்ளே வந்தார். வைகைக் கரை ஊர்களைப் பற்றிய ஆய்வேடு, 280 பக்கம். "அண்ணே, பைனல் காப்பி. சும்மா ஒரு தடவை பாத்துட்டு பைண்டிங்குக்கு அனுப்பிருங்க. காலையில சப்மிட் பண்ணணும். சாப்ட்வேர்ல ஓட்டிட்டேன், ஒரு சிவப்புக் கோடுகூட இல்ல."

திறந்தேன். முதல் இயல், முதல் வரி: "வைகைக் கறையில் அமைந்த ஊர்கள்..."

விசாரித்தால் கதை இதுதான். நெறியாளர் எங்கோ ஓரிடத்தில் 'புகைக்கரை' என்றிருந்ததை 'புகைக்கறை' என்று சுழித்துக் கொடுத்திருக்கிறார். தம்பி தேடி மாற்றும் பெட்டியில் 'கரை'க்குக் 'கறை' என்று போட்டு, ஒரே அழுத்தில் மொத்தத்தையும் மாற்றிவிட்டார். சர்க்கரை 'சர்க்கறை' ஆனது, உப்பு 'கறைந்தது'. இவையெல்லாம் சிவப்புக் கோட்டில் மாட்டியதால் திருத்திவிட்டார். வைகைக் கறை மாட்டவில்லை. "மக்கள் பரிசலில் அக்கறைக்குச் சென்றனர்" மாட்டவில்லை. எப்படி மாட்டும்? கறையும் அக்கறையும் நல்ல தமிழ்ச் சொற்கள்தானே.

இந்த மாதத்தில் இது நான்காவது ஆய்வேடு. பொறுக்கமாட்டாமல்தான் எழுதுகிறேன்.

சொற்பிழைத் திருத்தி பெரும்பாலும் பார்ப்பது ஒன்றைத்தான்: நீங்கள் அடித்த சொல் அதற்குத் தெரிந்த சொல்லா? அந்தச் சொல் அந்த இடத்தில் வரலாமா என்பது அதன் கவலை இல்லை. 'அரசுப் பனி' என்று அடியுங்கள், பேசாமல் இருக்கும். 'தெப்பக் குலம்' என்று பிரித்து அடியுங்கள், அதற்கும் தலையாட்டும். மறுபக்கம், சரியான ஊர்ப்பெயருக்கெல்லாம் கோடு போடும். அந்தக் கோட்டைப் போக்குவதற்காக ஊர்ப்பெயரையே மாற்றிக்கொண்டு வந்தவர்களும் என் கடைக்கு வந்திருக்கிறார்கள். கோடு வந்தால் அங்கே சந்தேகம் என்று பொருள். வராவிட்டால் அதற்கு ஒரு பொருளும் இல்லை. இன்னும் எத்தனை பேரிடம்தான் சொல்வது!

கருவிகளே வேண்டாம் என்று சொல்லவில்லை. சொற்பிழைக்கு வாணி, சந்திக்கு நாவி என்று நானே தினமும் ஓட்டுகிறேன். ஆனால் கீழடியில் தந்தத்தில் செய்த சீப்பு கிடைத்ததை ஒரு மாணவி 'கீழடி தந்த சீப்பு' என்று எழுதியிருந்தார். ஒரு 'ச்' விட்டுப்போனதில் கீழடியே நமக்குச் சீப்பு கொடுத்ததாக ஆகிவிட்டது. இலக்கணப்படி அதுவும் சரியான தொடர்தான். அவர் சொல்ல வந்தது தந்தச் சீப்பு என்பது அவருக்குத்தான் தெரியும், கருவிக்குத் தெரியாது. 'வேலை கொடு', 'வேலைக் கொடு' விஷயமும் அப்படித்தான். ஒன்று உத்தியோகம், மற்றது முருகன் கை வேல்.

மேற்கோள் பாடல்களில் மட்டும் தயவுசெய்து எந்தக் கருவியும் கைவைக்க விடாதீர்கள். இப்போதெல்லாம் 'மொழியைச் செம்மைப்படுத்து' என்றால் செயற்கை நுண்ணறிவு சங்கப் பாட்டையும் சேர்த்துச் செம்மைப்படுத்திவிடுகிறது. எங்கள் ஊரில் ஒரு கதை சொல்வார்கள். ஒரு வெள்ளைக்காரத் துரை, 'தக்கார் தகவிலர்' குறளில் எதுகை சரியில்லை என்று 'எச்சத்தால்' என்பதை 'மக்களால்' என்று திருத்தி அச்சடித்தாராம். பாண்டித்துரைத் தேவர் அத்தனை படிகளையும் விலைக்கு வாங்கிக் கொளுத்தினாராம். 1901இல் மதுரையில் தமிழ்ச் சங்கம் வைத்தவர் அவர். உங்கள் புறத்தேர்வாளர் கொளுத்தமாட்டார், வாய்மொழித் தேர்வில் கேட்பார். மேற்கோளை மூலப் பதிப்போடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். ஒருவர் வாசிக்க, இன்னொருவர் பார்க்க.

எழுத்துரு மாற்றுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பை யூனிகோடுக்குக் கொண்டுவந்தால், நடுவில் இருந்த ஆங்கிலச் சுருக்கங்கள் எல்லாம் அர்த்தமில்லாத தமிழாகிக் கிடக்கும். 'கௌரவம்' என்பதில் ஔகாரத்துக்குப் பதில் 'கெ' போட்டு 'ள' சேர்த்திருப்பார்கள். 'எ' இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் எண் ஏழு உட்கார்ந்திருக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும், தேடினால் கிடைக்காது.

பல்கலைக்கழக மானியக் குழு (யூஜிசி) 2018இல் விதி கொண்டுவந்ததிலிருந்து, பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று ராத்திரி பகலாக அலைகிறீர்கள். சரி, அலையத்தான் வேண்டும். அந்த அலைச்சலில் பாதி எழுத்துக்கும் கொடுங்களேன்.

திரையில் படிக்காதீர்கள். தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் அச்சடியுங்கள், வரிக்கடியில் ஸ்கேல் வைத்துப் படியுங்கள். எழுதி முடித்த அன்றே வேண்டாம், நாலு நாள் தள்ளிப்போடுங்கள். எழுதிய சூட்டில் உங்கள் கண் தாளில் இருப்பதைப் படிக்காது, மனதில் இருப்பதைத்தான் படிக்கும். சத்தமாக வாசித்தால் விட்டுப்போன சொல்லும் இரட்டித்த சொல்லும் மாட்டும். ர-ற, ழ-ள மாட்டாது. நம்ம ஊர் நாக்குக்குப் பழமும் பளம்தான், அங்கே கண்தான் வேலை செய்ய வேண்டும். ஆண்டுகளைத் தனியாக ஒருமுறை பாருங்கள். 2014-ஐ 2041 என்று அடித்தால் எந்தக் கோடும் வராது. மொத்தமாக மாற்றும் பொத்தான் பக்கமே போகாதீர்கள், ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள். அப்புறம், திருத்துநரிடம் கொடுப்பதாக இருந்தால் ஒரு வாரமாவது கொடுங்கள் சாமி. ஆறரை மணிக்கு வந்து காலையில் வேண்டும் என்றால் நான் பக்கம்தான் புரட்ட முடியும்.

அன்றைக்கு அந்தத் தம்பியைத் திருப்பி அனுப்ப மனசு வரவில்லை. ராத்திரி பதினொன்றரை வரை இரண்டு பேரும் உட்கார்ந்து 'கறை'யைத் தேடினோம், 63 இடம். உண்மையிலேயே கறையாக இருக்க வேண்டியவை இரண்டே இரண்டுதான். மறுநாள் பைண்டிங் கடையிலிருந்து போன் வந்தது. ரெக்சின் அட்டையில் பொன்னெழுத்து ஏற்றுவதற்கு முன் ஒரு சந்தேகம் கேட்டார்கள். தம்பி கைப்பட எழுதிக் கொடுத்த சீட்டில் 'முணைவர் பட்ட ஆய்வேடு' என்று இருக்கிறதாம், அப்படியே போடலாமா?