மூன்று மில்லிமீட்டரில் உயிர் வாழும் புல்

ஏப்ரலில் மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டியைத் தொலைக்காட்சியில் பார்த்தால், அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் உள்ள அகஸ்டா நேஷனல் மைதானம் முழுக்க ஒரே புல்தான் என்று தோன்றும். அப்படி இல்லை. குழி இருக்கும் ‘கிரீன்’ பகுதியில் பெண்ட்கிராஸ். கிரீனை நோக்கிப் பந்தை அடித்துச் செல்லும் நீண்ட பாதையான ‘ஃபேர்வே’யில் பளபளப்பது ரைகிராஸ். அதற்கு அடியில், குளிருக்குப் பிறகு இன்னும் முழுசாக விழிக்காமல் கிடப்பது பெர்முடா புல்; நம்ம ஊர் அருகம்புல் வகைதான்.

சிக்கல் எல்லாம் கிரீனில்தான். பெண்ட்கிராஸ் குளிர்ப் பிரதேசத்துப் புல். அகஸ்டாவில் முதலில் கிரீன்களிலும் பெர்முடாதான் இருந்தது. பந்து வேகமாகவும் வழுக்கிக்கொண்டும் உருள வேண்டும் என்று 1981 போட்டிக்கு முன்பாகப் பெண்ட்கிராஸுக்கு மாறினார்கள். அன்றிலிருந்து கோடைகாலம் பராமரிப்பாளர்களுக்குத் தலைவலி.

போட்டி நாட்களில் இதுபோன்ற கிரீன்களின் புல்லைச் சுமார் 3 மில்லிமீட்டர் உயரத்தில் வெட்டுவார்கள். ஒரு ரூபாய் நாணயம் இரண்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் எவ்வளவோ, அவ்வளவுதான். புல் தனக்கான சர்க்கரையை இலையில்தான் தயாரிக்கிறது. இலை போனால் வரவு குறையும். முதலில் பட்டினி கிடப்பது வேர்.

கோடையில் சர்க்கரைச் செலவும் கூடிவிடுகிறது. வெப்பம் ஏறினால், பெண்ட்கிராஸின் இலையில் கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்க வேண்டிய நொதி, அடிக்கடி ஆக்சிஜனைப் பிடித்து உழைப்பை வீணாக்கும். இரவும் புழுக்கமாக இருந்தால், பகலில் சேர்த்த கொஞ்சநஞ்ச சர்க்கரையையும் புல் சுவாசித்தே தீர்த்துவிடும். வேர் நாளுக்கு நாள் குட்டையாகும். ‘அருகுபோல் வேரோடி’ என்று வாழ்த்தும் அருகம்புல்லுக்கு இந்தக் கஷ்டம் இல்லை. அது கார்பன் டை ஆக்சைடை அந்த நொதிக்குப் பக்கத்திலேயே செறிவாகச் சேர்த்துக் கொடுப்பதால், வெயிலில்தான் அது செழிக்கும்.

ஆகவே ஆண்டு முழுக்க நடக்கும் வேலையில் பெரும்பகுதி, கண்ணுக்குத் தெரியாத வேரைக் காப்பாற்றுவதுதான். கிரீனை வெட்டிப் பார்த்தால் மேலே சுமார் 30 சென்டிமீட்டர் மணல், கீழே 10 சென்டிமீட்டர் ஜல்லி, அதற்கும் கீழே வடிகால் குழாய்கள். அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1960இல் வகுத்த முறையின் அடிப்படை இது. இதில் ஒரு நல்ல சூட்சுமம் இருக்கிறது. மணலின் நுண்ணிய இடுக்குகள் தண்ணீரை இழுத்துப் பிடிக்கும். ஜல்லியின் பெரிய இடைவெளிகளுக்கு அந்தப் பிடிமானம் கிடையாது. மணலின் அடிப்பகுதி நன்றாக நனைந்து நிரம்பும்வரை தண்ணீர் ஜல்லிக்குள் இறங்காது. அதனால் சாதாரண நாளில் வேருக்கு ஈரம் தங்கும், அடைமழையில் மிச்சமெல்லாம் வடிந்துவிடும்.

அகஸ்டாவில் இதோடு நிற்கவில்லை. அங்கே பராமரிப்புப் பொறுப்பில் இருந்த மார்ஷ் பென்சன் 1990களில் அந்த வடிகால் குழாய்களோடு ஊதுகுழல் இயந்திரத்தை இணைத்தார். ஒரு பக்கம் ஓட்டினால் மணலிலிருந்து தண்ணீரை உறிஞ்சும். மாற்றி ஓட்டினால் கீழிருந்து வேருக்குக் காற்றை ஊட்டும்.

எந்த மைதானத்திலும் ஆட்டக்காரர்கள் முகம் சுளிக்கும் வேலை ஒன்று உண்டு: கிரீன் முழுக்க ஓட்டை போடுவது. மட்கிய வேரும் தண்டும் மேல்பகுதியில் அடர்ந்து, தண்ணீரைப் பஞ்சு மாதிரி பிடித்துவைத்துக் காற்றை அடைக்கும். உள்ளீடற்ற கம்பிகளால் விரல் தடிமனுக்கு மண்ணைப் பிடுங்கி எடுத்து, குழிகளில் உலர்ந்த மணலைத் தூவிப் பெருக்கி நிரப்புவார்கள். பெண்ட்கிராஸுக்கு இதை வசந்தத்திலோ இலையுதிர்காலத்திலோ செய்வதுதான் சரி. கொதிக்கும் ஜூலையில் செய்தால் காயம் ஆறாது. ஜூலைக்கு வேறு வைத்தியம்: உச்சிவெயிலில் இலை மட்டும் நனைய லேசாகத் தண்ணீர் தெளிப்பது, ஓரத்தில் பெரிய மின்விசிறி வைப்பது.

இத்தனை பாடு எதற்கு என்று ஜார்ஜியாவிலேயே கேட்டவர்கள் உண்டு. 2011இல் பிஜிஏ சாம்பியன்ஷிப் என்ற பெரிய கோல்ஃப் போட்டி நடந்த அட்லாண்டா அத்லெடிக் கிளப்பின் கிரீன்களில் இருந்தது குட்டை ரகப் பெர்முடா. ஆகஸ்ட் வெயிலை அது தாங்கும். ஆனால் அந்த ரகத்துக்குக் குளிர்தான் எமன். கடும் உறைபனி வரும் என்று வானிலை சொன்னால், கிரீன் ஒவ்வொன்றையும் விரிப்பால் மூடிவிட்டு, வெயில் வந்ததும் மறுபடி சுருட்ட வேண்டும்.