'ஒயிட் டுனா' சாப்பிட்ட மறுநாள் எண்ணெய் கசிகிறதா? ஆன்டிபயாடிக்கைத் தொடாதீர்கள்

மறுபடியும் அதே கதை. உள்ளாடையில் ஆரஞ்சு நிற எண்ணெய்க் கறை, ஊரிலிருந்து கொண்டுவந்த ஆன்டிபயாடிக் இரண்டு நாளாக, போதாததற்கு குடல் புற்றுநோயோ என்ற பயம். "டாக்டர், எனக்கே தெரியாம வழியுது" என்று சொன்ன அந்தத் தம்பி தலை நிமிரவே இல்லை. முதலில் என்ன சாப்பிட்டார்? சுஷிக் கடையில் 'ஒயிட் டுனா'.

இங்கே அமெரிக்காவில் சுஷிக் கடைகளில் அந்தப் பெயரில் வருவது பெரும்பாலும் டுனாவே இல்லை. ஓஷியானா என்ற கடல் பாதுகாப்பு அமைப்பு 2013இல் வெளியிட்ட மரபணுச் சோதனையில், ஒயிட் டுனா என்று விற்றவற்றில் 84 சதவீதம் எஸ்கோலார். ஆழ்கடல் மீன், டுனாவுக்குப் போடும் தூண்டிலில் கூடவே மாட்டுவது. இதன் சொந்தக்கார மீன் ஆயில்ஃபிஷ். ஹாங்காங்கில் 2007இல் அதை 'காட்' மீன் என்று விற்று நூற்றுக்கணக்கானோர் அவதிப்பட்டார்கள். ஜப்பானில் இந்த மீன்களை விற்கவே தடை. அமெரிக்காவில் விற்க வேண்டாம் என்ற அறிவுரை மட்டும்தான்.

எனக்கு ஆற்றாமையாக இருப்பது ஒரே ஒரு பேச்சு: "மீன் கெட்டுப்போயிருக்கும்." இல்லை. அன்று காலை பிடித்த மீனாக இருந்தாலும் இதேதான் நடக்கும். இந்த மீனின் சதையில் ஐந்தில் ஒரு பங்கு வரை மெழுகு போன்ற கொழுப்பு. அதை நம் குடலால் செரிக்க முடியாது, உடலும் ஏற்காது, வந்தபடியே வெளியேறுகிறது. கிருமி இல்லை, அதனால் ஆன்டிபயாடிக்குக்கு வேலையும் இல்லை. நன்றாக வேகவைத்தால் போய்விடும் என்பார்கள், போகாது. மஞ்சளும் எலுமிச்சையும் தடவினாலும் போகாது. உறைய வைத்தாலும் அப்படியே இருக்கும். வாயில் வெண்ணெயாகக் கரைகிறதே, அந்த ருசியே இந்தக் கொழுப்பால்தான். ஒரு துண்டில் பலருக்கு ஒன்றும் தெரியாது. தட்டு நிறைய வறுத்துச் சாப்பிட்டவர்கள்தான் என்னிடம் வருகிறார்கள்.

எடை குறைக்க ஆர்லிஸ்டாட் சாப்பிடுபவர்களுக்கும் இதே கசிவு வரும். அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

பெரும்பாலும் ஓரிரு நாளில் தானாக நின்றுவிடும். தண்ணீர் குடியுங்கள், மிச்சமிருக்கும் மீனைக் கொட்டிவிடுங்கள். ஆனால் ரத்தம், கறுப்பு மலம், காய்ச்சல் இருந்தாலோ, நாலு நாள் கடந்தும் நிற்காவிட்டாலோ உடனே வாருங்கள். மீனைத் தின்ற ஒரு மணி நேரத்துக்குள் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்தால் அது வேறு விஷயம். குளிரில் சரியாக வைக்காத மீனில் சேரும் ஹிஸ்டமின் என்ற, அலர்ஜி போன்ற தொல்லை தரும் பொருள்தான் காரணம். மூச்சு இழுத்தால் 911.

கர்ப்பிணிகளும், குடல் நோய் உள்ளவர்களும், வயதானவர்களும் இந்த மீனைத் தவிர்ப்பதே நல்லது. 'ஒயிட் டுனா', 'சூப்பர் ஒயிட் டுனா', 'பட்டர்ஃபிஷ்' என்று எழுதியிருந்தால், எஸ்கோலாரா என்று நேராகக் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வேறு ஏதாவது வாங்குங்கள்.

தயவுசெய்து கூச்சப்பட்டுக்கொண்டு நாள் கடத்தாதீர்கள். என்ன மீன், எந்தக் கடை, எவ்வளவு சாப்பிட்டீர்கள் என்று குறித்துக்கொண்டு வாருங்கள், பில் இருந்தால் அதையும். கொலோனோஸ்கோபி (குழாய்க் கேமராவால் பெருங்குடலைப் பார்க்கும் சோதனை) தேவையா இல்லையா என்று முடிவு செய்ய எனக்கு அது உதவும். உங்கள் ஊர் சுகாதாரத் துறைக்குப் புகார் எழுதவும் அது வேண்டும்.