ஐஎஸ்பிஎன் உங்கள் கதையைக் காப்பாற்றாது

போன வாரம் இதழுக்குக் கடைசி மெய்ப்பு பார்க்கும்போது ஒரு சிறுகதையைத் தூக்க வேண்டியதாகிவிட்டது. தறி ஓடாத வீட்டில் ஒரு பெண் சிக்கு விழுந்த பாவு நூலை இரவெல்லாம் பிரித்துக்கொண்டிருப்பாள், அவ்வளவுதான் கதை, ஆனால் படித்த மூன்று பேரும் மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொண்ட கதை. பக்கம் கட்டி, ஓவியம் வாங்கி, எல்லாம் முடிந்த பிறகு கதையிலிருந்து ஒரு வரியை எடுத்து இணையத்தில் தேடினேன். ஒரு தொகுப்பு நூலின் பக்கம் வந்து நின்றது. அதே கதை. மேலே வட்டத்துக்குள் கதையை எழுதிய பெண்ணின் பாஸ்போர்ட் புகைப்படம், கீழே ‘இணை ஆசிரியர்’.

கூப்பிட்டுக் கேட்டேன். “அது ஆந்தாலஜிக்கா, மூணு வருஷம் ஆச்சு. அம்பது பேர் சேர்ந்து எழுதினோம். ஐஎஸ்பிஎன் எல்லாம் இருக்குக்கா, அது இருந்தா கதையை யாரும் திருட முடியாதுன்னு சொன்னாங்க” என்றார். ஐஎஸ்பிஎன் என்று அவர் சொன்னது புத்தகத்துக்குத் தருகிற அடையாள எண்ணை. அவர் அன்று நிரப்பிய படிவத்தை அனுப்பச் சொன்னேன். பெயர், கைபேசி எண், புகைப்படம், கதை, 599 ரூபாய் கட்டியதற்கான ஸ்க்ரீன்ஷாட், கடைசியில் ஒரு சின்னக் கட்டம். அதன் பக்கத்தில் ‘எனது படைப்பின் அனைத்து உரிமைகளையும் தொகுப்பாளருக்கு நிரந்தரமாக அளிக்கிறேன்’. அந்தக் கட்டத்தில் டிக். வேலைக்குப் போகிற பேருந்தில் நின்றுகொண்டே நிரப்பினாராம். இப்போது தொகுப்பாளரிடம் கேட்டால், கதையை வேறு இதழில் போட வேண்டுமானால் தனக்கு ‘அனுமதிக் கட்டணம்’ வேண்டும் என்கிறார்.

இந்த வருடத்தில் இது மூன்றாவது. பொறுமை போய்விட்டது, அதனால்தான் எழுதுகிறேன்.

நாங்கள் நடத்துவது தெற்காசிய எழுத்தாளர்களுக்கான ஒரு இணையக் குழு. மாதம் ஒரு வாசிப்புக் கூட்டம், வருடத்துக்கு மூன்று இதழ். இந்தியாவிலும் இலங்கையிலும் இரவு எட்டு மணி என்றால் காத்மாண்டுவில் எட்டேகால், டாக்காவில் எட்டரை, கராச்சியில் ஏழரை, இப்படித்தான் ஒவ்வொரு அழைப்பையும் அனுப்புவோம். தமிழ்ப் பக்கங்களும், எல்லா மொழிக்குமான உரிமைக் கடிதங்களும் என் பொறுப்பு. மொழி வேறு, நாடு வேறு, ஆனால் எல்லாரும் ஒரே இடத்தில்தான் வழுக்கி விழுகிறார்கள்.

முதலில் அந்தப் பெரிய தவறான நம்பிக்கை. எழுதியது நம்முடையது ஆவதற்கு யாரோ எங்கேயோ முத்திரை குத்த வேண்டும் என்று நினைக்கிறார்கள். தமிழில் இந்தக் குழப்பத்துக்கு ஒரு சொல்லும் காரணம் என்று எனக்குத் தோன்றும். காப்புரிமை என்று எல்லாவற்றுக்கும் சொல்லிவிடுகிறோம். கண்டுபிடிப்புக்குத் தருவதுதான் காப்புரிமை, அதற்கு விண்ணப்பிக்க வேண்டும், ஆராய்வார்கள், பிறகுதான் தருவார்கள். கதை, கவிதைக்கு உள்ளது பதிப்புரிமை. அதற்கு விண்ணப்பமே தேவையில்லை. நீங்கள் எழுதினீர்கள், அது தாளிலோ கைபேசியிலோ பதிந்தது, சரி, அந்தக் கணமே அது உங்களுடையது. பதிப்புரிமைக்காக நாடுகள் தங்களுக்குள் செய்துகொண்ட, 1886-ல் உருவான பெர்ன் உடன்படிக்கையின் அடிப்படையே அதுதான்: எந்தச் சடங்கும் இல்லாமல் உரிமை கிடைக்க வேண்டும். இந்தியா அதில் 1928-லேயே இருக்கிறது. பாகிஸ்தான் 1948, இலங்கை 1959, வங்கதேசம் 1999, நேபாளம் 2006. ஆக நம் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிற அத்தனை பேருக்கும் இது பொருந்தும்.

“அப்போ பதிவு செய்யவே கூடாதா” என்று கேட்பீர்கள். தாராளமாகச் செய்யலாம். இந்தியாவில் பதிப்புரிமை அலுவலகத்தில் ஒரு இலக்கியப் படைப்புக்கு 500 ரூபாய். நாளைக்கு வழக்கு வந்தால் அந்தச் சான்றிதழ் ஓர் ஆதாரம். அவ்வளவுதான், உரிமை அதிலிருந்து பிறப்பதில்லை. ஒரு நாலு வரிக் கவிதைக்கு 500 ரூபாய் கட்ட வேண்டும் என்று யாராவது உங்களைப் பயமுறுத்தினால் கட்டாதீர்கள். நீங்கள் எழுதிய கோப்பின் பழைய பிரதிகளை அழிக்காமல் வைத்திருங்கள், யாருக்கு எப்போது அனுப்பினீர்கள் என்ற மின்னஞ்சல் இருக்கட்டும். தனக்குத்தானே பதிவுத் தபால் அனுப்பிப் பிரிக்காமல் பீரோவில் வைத்திருக்கிறவர்களை இன்றைக்கும் பார்க்கிறேன். அது எந்தத் தனி உரிமையையும் தராது.

அப்புறம் இந்த ஐஎஸ்பிஎன். இதைச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வற்றிவிட்டது. அது 13 இலக்கம் உள்ள ஒரு அடையாள எண். கடைக்காரரும் நூலகரும் இது எந்தப் புத்தகம், எந்தப் பதிப்பு, யார் பதிப்பாளர் என்று தெரிந்துகொள்ள வைத்தது. இந்தியாவில் கல்வி அமைச்சகத்தின் கீழ் உள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதை இலவசமாகவே தருகிறது. நீங்களே சொந்தமாகப் புத்தகம் போட்டாலும் நீங்களே விண்ணப்பித்து வாங்கலாம். அந்த எண்ணுக்கும் பதிப்புரிமைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. எழுத்தின் தரத்துக்கும் இல்லை, அரசு அங்கீகாரத்துக்கும் இல்லை. இலவசமாகக் கிடைக்கிற ஒரு எண்ணைக் காட்டி உங்களிடம் பணமும் வாங்கி, உரிமையையும் எழுதி வாங்குகிறார்கள். அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. மாணவர்கள், சிறு ஊர்களில் இருந்து முதன்முதலாக எழுத வருகிறவர்கள், பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு கிடைக்கிற இரண்டு மணி நேரத்தில் எழுதுகிற பெண்கள், இவர்கள்தான் மாட்டுகிறார்கள்.

பணம் எந்தத் திசையில் போகிறது என்று பாருங்கள். ஆங்கிலத்தில் சில நல்ல இதழ்கள் படைப்பு அனுப்பும்போதே இரண்டு மூன்று டாலர் வாசிப்புக் கட்டணம் வாங்குவதுண்டு, எனக்குப் பிடிக்காத வழக்கம் என்றாலும் அது ஏமாற்று இல்லை, கட்டினாலும் கதை நிராகரிக்கப்படலாம். ‘உங்கள் கதை தேர்வாகிவிட்டது, வாழ்த்துகள், இப்போது இவ்வளவு கட்டுங்கள்’ என்று வருகிறதே, அதுதான் ஆபத்து. அங்கே தேர்வு என்று ஒன்று நடக்கவே இல்லை. காமன்வெல்த் சிறுகதைப் பரிசுக்குத் தமிழிலேயே கதை அனுப்பலாம், கட்டணம் கிடையாது, எத்தனை பேருக்கு இது தெரியும்? ஆனால் கதை அச்சிலோ இணையத்திலோ வெளிவராததாக இருக்க வேண்டும். 599 ரூபாய் கொடுத்துத் தொகுப்பில் போட்ட கதைக்கு அந்தக் கதவும் சாத்திக்கொண்டது. கொடுத்த காசை விட இதுதான் பெரிய நஷ்டம்.

சரி, உரிமையைக் கொடுப்பது என்றால் என்ன? வீட்டை வாடகைக்கு விடுவது ஒன்று, கிரயம் எழுதிக் கொடுப்பது ஒன்று. இதழுக்கு நீங்கள் தர வேண்டியது வாடகை மாதிரி: இந்தக் கதையை, இந்த இதழில், இத்தனை மாதத்துக்கு நீங்கள் மட்டும் போடலாம், பிறகு அது என் இஷ்டம். எங்கள் கடிதத்தில் ஆறு மாதம் என்று இருக்கிறது. ‘அனைத்து உரிமைகளும்’, ‘நிரந்தரமாக’, ‘உலகம் முழுவதும்’, ‘எல்லா வடிவங்களிலும்’ என்ற சொற்களைக் கண்டால் அங்கேயே நில்லுங்கள். அது கிரயம். நாளைக்கு உங்கள் கதையை யாராவது குறும்படம் எடுக்க வந்தால் அந்தப் பணம் யாருக்குப் போகும் என்று யோசியுங்கள்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டவர்களுக்கு ஒரு ஆறுதல், இந்தியச் சட்டத்தைப் பொறுத்தவரை. 1957-ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையொப்பத்தோடு இருக்க வேண்டும், எந்தப் படைப்பு, எந்தெந்த உரிமை, எவ்வளவு காலம், எந்த எல்லைக்குள் என்று சொல்லியிருக்க வேண்டும். காலம் சொல்லப்படவில்லை என்றால் ஐந்து வருடம்தான். எல்லை சொல்லப்படவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும். உரிமையை வாங்கியவர் ஒரு வருடத்துக்குள் அதைப் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறுவிதமாக இல்லாதவரை, பயன்படுத்தாத உரிமை தானாகவே போய்விடும். விற்றுவிட்ட பிறகும் கதையில் உங்கள் பெயரைக் கேட்கிற உரிமை 57-ஆம் பிரிவின்படி உங்களிடமே இருக்கிறது. படிவத்தில் போட்ட டிக் கையொப்பம் ஆகுமா ஆகாதா என்பதை வழக்கறிஞர்கள் வாதாடிக்கொள்ளலாம், 599 ரூபாய்க்காக நீங்கள் அந்த வாசற்படி வரைக்கும் போக வேண்டுமா என்பதுதான் என் கேள்வி. பழைய படிவத்தைத் தேடி எடுங்கள். வரி வரியாகப் படியுங்கள். காலம் எழுதியிருக்கிறதா பாருங்கள்.

வாசிப்புக் கூட்டங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், அங்கே நடக்கிற தவறு வேறு மாதிரி. எங்கள் உறுப்பினர் ஒருவர் புனைபெயரில் எழுதுகிறார், வீட்டில் யாருக்கும் தெரியாது. கேமராவை அணைத்துவிட்டுத்தான் வாசிப்பார். ஒரு நாள் அவர் கைபேசி பழுதாகி, கணவருடைய கைபேசியிலிருந்து வந்தார். குரல் அவருடையது, கறுப்புக் கட்டத்தின் நடுவே கணவரின் முழுப்பெயர், அலுவலகப் பெயரோடு. அறுபது பேர் பார்த்தார்கள். நல்ல வேளை, நாங்கள் பதிவு செய்யவில்லை. ஆனால் ஒரு பார்வையாளர் தன் கைபேசியில் எடுத்து வாட்ஸப்பில் போட்டுவிட்டார். அன்புடன்தான் போட்டார், கவிதை அவ்வளவு பிடித்துவிட்டதாம். அதை நீக்க வைப்பதற்குள் இரவு ஒரு மணி. அந்தப் பெண் மூன்று மாதம் கூட்டத்துக்கு வரவில்லை.

நடத்துகிறவர்களே, கூட்டத்துக்கு முன்னால் காத்திருப்பு அறையிலேயே ஒவ்வொருவர் பெயரையும் பார்த்து, மாற்றச் சொல்லி, பிறகு உள்ளே விடுங்கள். பதிவு செய்வதாக இருந்தால் அழைப்பிலேயே சொல்லுங்கள், வாசிப்பவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். அனுமதியில்லாமல் வாசிப்பைப் பதிவு செய்து பரப்புவது வெறும் நாகரிகக் குறைவு மட்டுமில்லை, படைப்பாளியின் உரிமையில் கைவைப்பதும்தான். வாசிப்பவர்களும் கேளுங்கள்: பதிவு எங்கே போகும், எவ்வளவு நாள் இருக்கும், கேட்டால் எடுப்பீர்களா. பல இதழ்கள் யூடியூபில் ஏற்றிய வாசிப்பையும் வெளியானதாகவே கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. அதனால் எங்கும் வராத கதையாக இருந்தால் கூட்டத்தில் பாதியை மட்டும் வாசியுங்கள். கேட்கிறவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

மொழிபெயர்ப்பாளர்களுக்கும் ஒரு வார்த்தை, கொஞ்சம் கடுமையாகவே. அனுமதி எங்கே என்று கேட்டால் ‘இலக்கியச் சேவைதானே’ என்று பதில் வருகிறது. மொழிபெயர்க்கும் உரிமை மூல ஆசிரியருடையது, அவர் இறந்திருந்தால் வாரிசுகளுடையது. தமிழ்நாட்டில் அரசு வாரிசுகளுக்குப் பணம் கொடுத்து நூல்களை நாட்டுடைமை ஆக்குகிற வழக்கம் இருப்பதால், பழைய எழுத்தாளர் என்றாலே பொதுச்சொத்து என்று நமக்கு மனதில் பதிந்துவிட்டது. பாரதிக்கு அப்படி நடந்தது, 1949-ல் அரசு அந்த உரிமையை வாங்கியது. எல்லாருக்கும் அப்படி நடக்கவில்லை. ஆசிரியர் இறந்த பிறகு உரிமை நீடிப்பது இந்தியாவில் 60 வருடம், வங்கதேசத்திலும் 60, இலங்கையில் 70, பாகிஸ்தானிலும் நேபாளத்திலும் 50. தாகூரின் உரிமைக்காலம் 2001 முடிவோடு தீர்ந்தது, உருது எழுத்தாளர் மண்ட்டோ 1955-ல் இறந்தவர் என்பதால் அவருடைய உரிமைக்காலமும் இந்தியா, பாகிஸ்தான் இரண்டிலும் முடிந்துவிட்டது. இங்கேதான் அடுத்த பள்ளம். உருது தெரியாமல் ஆங்கிலம் வழியாக மண்ட்டோவைத் தமிழுக்குக் கொண்டுவருகிறீர்கள், அந்த ஆங்கில மொழிபெயர்ப்பு பத்து வருடத்துக்கு முன்னால் வந்தது, அதைச் செய்தவர் உயிரோடு இருக்கிறார். அவருடைய சொற்களை வைத்துத்தானே உங்கள் தமிழ் வாக்கியத்தைக் கட்டினீர்கள்? அவரிடம் கேளுங்கள். ஒரு மின்னஞ்சல். நான் எழுதிய இப்படிப்பட்ட கடிதங்களில் பெரும்பாலானவற்றுக்கு மகிழ்ச்சியோடுதான் பதில் வந்திருக்கிறது, சிலர் என் சந்தேகங்களுக்குப் பக்கம் பக்கமாக விளக்கம்கூட எழுதியிருக்கிறார்கள்.

எங்களுக்கோ வேறு யாருக்கோ படைப்பு அனுப்பும்போது கடிதத்தின் கீழே ஒரு வரி சேருங்கள், தயவுசெய்து: இது முன்பு எங்கே வந்தது, முகநூலில் போட்டதா, எந்தத் தொகுப்புக்காவது கொடுத்ததா. ‘வந்தது’ என்று எழுதினால் தள்ளிவிடுவார்கள் என்று பயப்படாதீர்கள். மறுவெளியீட்டுக்கு இடம் ஒதுக்குகிற இதழ்கள் உண்டு, நாங்களும் செய்கிறோம். கடைசி நேரத்தில் தெரியவந்தால்தான் எங்களால் எதுவும் செய்ய முடியாமல் போகிறது.

தறிக் கதையை எழுதிய பெண்ணும் நானும் உட்கார்ந்து தொகுப்பாளருக்கு ஒரு கடிதம் எழுதினோம். படிவத்தில் எல்லை எதுவும் சொல்லப்படவில்லை, கையொப்பம் இல்லை, கட்டணம் வாங்கியிருக்கிறீர்கள், என் கதையை எனக்குத் திருப்பி எழுதிக் கொடுங்கள் என்று. சத்தம் போடாத கடிதம்தான், முதல் கடிதம் அப்படித்தான் இருக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை அனுப்பினார், இன்னும் பதில் இல்லை. அந்தப் பக்கங்களில் இப்போது ஒரு நேபாளிக் கவிதையின் மொழிபெயர்ப்பு போகிறது, கவிஞரின் அனுமதி முதல் நாளே வந்துவிட்டது. தறிக் கதைக்குக் கட்டிய பக்கங்களை நான் அழிக்கவில்லை, அடுத்த இதழுக்கான கோப்புறையில் போட்டு வைத்திருக்கிறேன்.