சிலுவையின் கைகளைத் தாங்கும் வளையம்

அயர்லாந்தின் கெல்ஸ் ஊர்ச் சந்திப்பில் நூற்றாண்டுகளாக நின்ற சந்தைச் சிலுவைமீது 1996-இல் ஒரு பேருந்து மோதியது. இப்போது அது பழைய நீதிமன்றக் கட்டடத்தின் முன்னே, ஒரு கூரைக்கடியில் நிற்கிறது. மணற்கல். உச்சித் துண்டு போன பிறகும் உயரம் சுமார் 3.35 மீட்டர். பார்ப்பவர் கண் விவிலியக் காட்சிகளில் நிற்கும். கல்தச்சர் முதலில் பார்ப்பது கைகளை. சிலுவை உடைவது அங்கேதான்.

கல் அமுக்கினால் தாங்கும், இழுத்தால் விட்டுவிடும். மணற்கல்லின் இழுவலு, அமுக்க வலுவில் பத்தில் ஒரு பங்கு தேறினாலே பெரிது. தண்டு தன் எடையை நேரே கீழே இறக்கிவிடுவதால் அதற்குக் கவலையில்லை. பக்கவாட்டில் நீளும் கையோ மேல்விளிம்பில் இழுபடுகிறது. பருமன் மாறாமல் கையின் நீளத்தை இரட்டித்தால் எடையும் இரட்டிக்கும், அந்த எடை தொங்கும் தூரமும் இரட்டிக்கும். ஆக, கை தண்டோடு சேரும் இடத்தில் வளைப்பு நான்கு மடங்கு.

ஸ்காட்லாந்தின் அயோனா தீவில் 8-ஆம் நூற்றாண்டில் எழுந்த புனித யோவான் சிலுவை இதில் அடிபட்டது. கைவீச்சு சுமார் 2.2 மீட்டர். தச்சுவேலைபோல முளையும் குழியுமாகப் பல கற்களைக் கோத்திருந்தார்கள். அந்த அகலம் தாங்காமல், பிறகு கையும் தண்டும் சேரும் இடுக்குகளில் நான்கு வில்துண்டுகளைச் செருகி வளையமாக்கினார்கள் என்பது ஆய்வாளர் கருத்து. அப்படியும் 1951-இலும் 1957-இலும் காற்றில் விழுந்தது. 1970 முதல் அங்கே நிற்பது கான்கிரீட் நகல்.

வளையத்தில் சுமை வாங்குபவை கீழ் வில்கள் இரண்டும்: முட்டுக்கொடுத்ததுபோல, கையின் எடையை அமுக்கமாக்கித் தண்டுக்குள் தள்ளுகின்றன. ஒரே கல்லில் செதுக்கும்போது வேலை இன்னும் சுலபம். இடுக்கில் உள்ள கல்லை முழுக்கக் குடைந்தெடுக்காமல் விட்டாலே வளையம் ஆகிவிடும். வளையத்துக்குச் சமயப் பொருள் சொல்பவர்களும் உண்டு. இரண்டும் உண்மையாக இருக்கலாம்.

செதுக்கிய முறைக்குக் கெல்ஸிலேயே சான்று இருக்கிறது. புனித கொலம்பா தேவாலய வளாகத்தில், பாதியில் கைவிட்ட ஒரு சிலுவை. இயேசுவைச் சிலுவையில் அறையும் காட்சி செதுக்கப்பட்டிருக்கிறது. மற்றக் கட்டங்கள் வெறும் புடைப்புப் பாளங்கள். முதலில் உருவத்தை வெட்டி, காட்சிக்கான இடங்களை மேடாக விட்டு, கடைசியாக ஒவ்வொரு மேட்டிலும் நுண்ணுளி வைத்திருக்கிறார்கள்.

பேருந்தை விட்டால், பெரிய எதிரி நீர். நுண்துளையில் உறையும் நீர் 9 விழுக்காடு பருக்கிறது. முந்தைய பழுதுபார்ப்பில் வைத்த இரும்பு ஊசி துருப்பிடித்து உப்பிக் கல்லைப் பிளக்கும். சிமெண்டுப் பூச்சு இன்னும் மோசம்: கல்லைவிட இறுக்கமானது, ஈரத்தை வெளியே விடாது. அந்த ஈரம் பக்கத்துக் கல் வழியாக ஆவியாகி, உப்புப் பூத்து, சிற்பத்தைப் பொருக்குப் பொருக்காக உதிர்க்கும். அதனால்தான் மூட்டுகளுக்குச் சுண்ணாம்புச் சாந்து: உதிர்வதானால் சாந்தே உதிரட்டும், மறுபடி பூசிக்கொள்ளலாம்.

அயர்லாந்தின் மொனாஸ்டர்பாய்ஸிலுள்ள முய்ரெடாக் சிலுவையின் உச்சியில் சிறு வீடுபோல ஒரு கல் உண்டு. அதன் சரிவான கூரை மழையை வழித்துவிடுகிறது. கெல்ஸ் சந்தைச் சிலுவை இழந்தது அந்த உச்சியை. இன்று மேலே நிற்கும் கூரை செய்வது அதன் வேலையை.