வினைமுற்று வரும்வரை: நாம் ஏன் இடைமறித்துப் பேசுகிறோம்?

"அலுவலகக் கூட்டங்களில் மற்றவர் முடிப்பதற்குள் நான் பேசத் தொடங்கிவிடுவதாக என் மேலாளர் இரண்டு முறை சுட்டிக்காட்டிவிட்டார். கவனமாகத்தான் கேட்கிறேன், ஆனாலும் வாய் முந்திக்கொள்கிறது. இந்தப் பழக்கத்தை 21 நாளில் மாற்றிவிட முடியுமா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். மரியாதைக் குறைவு என்று பலரும் ஒதுக்கிவிடும் இந்தச் சிக்கலின் அடியில், மனித மூளையின் மிக அழகான செயல்பாடுகளுள் ஒன்று இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டால், 21 நாள் கணக்குக்கான விடை தானாகவே தெளிவாகும்.

இருவர் இயல்பாக உரையாடும்போது ஒருவர் முடித்ததற்கும் மற்றவர் தொடங்குவதற்கும் இடையே எவ்வளவு நேரம் கழிகிறது? நெதர்லாந்தின் நைமேகன் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், உலகின் வெவ்வேறு மூலைகளில் பேசப்படும் 10 மொழிகளின் இயல்பான உரையாடல்களைக் காணொலியாகப் பதிவுசெய்து, ஆம் அல்லது இல்லை என்று விடை கோரும் கேள்விகளுக்குப் பிந்தைய இடைவெளியை அளந்து 2009இல் வெளியிட்டனர். எல்லா மொழிகளுக்குமான சராசரி ஏறத்தாழ 200 மில்லி விநாடி, அதாவது ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு. எந்த மொழியின் சராசரியும் இதிலிருந்து ஏறக்குறைய கால் விநாடிக்கு மேல் விலகவில்லை. இயல்பாகக் கண் இமைக்கும் அல்லது கை நொடிக்கும் பொழுதை மாத்திரை என்று தமிழ் இலக்கணம் வகுத்திருக்கிறது அல்லவா? கேள்விக்கும் பதிலுக்கும் இடையிலான மௌனம் அந்த ஒரு மாத்திரை அளவுதான்.

இங்கே ஒரு கணக்கு இடிக்கிறது. ஒரு பொருளின் படத்தைக் காட்டி அதன் பெயரைச் சொல்லச் சொன்னால், சொல்லை நினைவிலிருந்து எடுத்து, ஒலிகளாக அடுக்கி, நாக்கையும் உதட்டையும் ஆயத்தப்படுத்தி, ஒலியை எழுப்ப மூளைக்கு ஏறத்தாழ 600 மில்லி விநாடி தேவைப்படுகிறது. ஒரு முழு வாக்கியத்தைத் தொடங்க இதைவிடக் கூடுதலாகவே ஆகும். மற்றவர் முடித்த பிறகுதான் பதிலை ஆயத்தம் செய்கிறோம் என்றால், ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் அரை விநாடிக்கு மேற்பட்ட வெறுமை இருந்தாக வேண்டும். அப்படி இல்லை என்பதால், அவர் இன்னும் பேசிக்கொண்டிருக்கும்போதே நம் பதில் உருவாகத் தொடங்கிவிடுகிறது என்ற முடிவுக்குத்தான் வர வேண்டும்.

அப்படியானால் அவர் எப்போது முடிப்பார் என்பது நமக்கு எப்படித் தெரிகிறது? குரலின் ஏற்ற இறக்கத்தைக் கொண்டு அறிகிறோம் என்றுதான் நானும் நெடுநாள் எண்ணியிருந்தேன். 2006இல் வெளியான ஒரு டச்சு மொழி ஆய்வு இதை நேரடியாகச் சோதித்தது. உரையாடல் துணுக்குகளைக் கேட்பவர்கள், பேசுபவர் முடிக்கப்போகும் கணத்தை முன்னறிந்து பொத்தானை அழுத்த வேண்டும். குரலின் ஏற்ற இறக்கத்தை நீக்கித் தட்டையாக்கிய பிறகும் அவர்களுடைய கணிப்பின் துல்லியம் குறையவில்லை. சொற்கள் புரியாதபடி ஒலியை மங்கவைத்து, ஏற்ற இறக்கத்தை மட்டும் விட்டுவைத்தபோது கணிப்பு கணிசமாகத் தவறியது. நாம் வாக்கியத்தின் அமைப்பையும் பொருளையும் பிடித்துக்கொண்டு, இன்னும் என்னென்ன சொற்கள் வரக்கூடும் என்று ஓடிப்போய்ப் பார்க்கிறோம். ஒரு சாதாரணத் தேநீர் இடைவேளைப் பேச்சில்கூட இந்தக் கணிப்பு நூற்றுக்கணக்கான முறை நடக்கிறது என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

இந்தத் திறமைக்கு ஒரு விலையும் உண்டு. 2015இல், வினாடி வினாக் கேள்விகளைக் கேட்பவர்களின் மூளை மின்னலைகளை அளந்த ஓர் ஆய்வில், விடைக்கான குறிப்பு கேள்வியின் நடுவிலேயே கிடைத்துவிட்டால் அடுத்த அரை விநாடிக்குள் விடையை ஆயத்தம் செய்யும் பணி தொடங்கிவிடுவது தெரிந்தது. கவனம் கேட்பதிலிருந்து பேசுவதை நோக்கித் திரும்புவதற்கான அறிகுறியும் அந்த அலைகளில் காணப்பட்டது. ஆகவே, கவனமாகத்தான் கேட்கிறேன் என்று நம் வாசகர் சொல்வது உண்மையே. ஆனால் அந்தக் கவனம் வாக்கியத்தின் பிற்பகுதியில் பங்கிடப்பட்டுவிடுகிறது. பேசுபொருளில் அவர் எவ்வளவு தேர்ந்தவரோ அவ்வளவு சீக்கிரம் அவருடைய கணிப்பு முடிந்துவிடும். அலுவலகத்தில் அனுபவசாலிகளே மிகுதியாக இடைமறிப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

தமிழில் இதன் விளைவு இன்னும் கூர்மையானது. "அந்தக் கோப்பை நேற்றே வாடிக்கையாளருக்கு அனுப்பியிருக்க" என்பது வரை ஒரு சக ஊழியர் சொல்லியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அடுத்து வருவது "வேண்டும்" என்றால் அது ஒரு குறை. "வேண்டியதில்லை" என்றால் அது ஓர் ஆறுதல். "மாட்டார்கள்" என்றால் அது ஓர் ஊகம். காலம், மறுப்பு, கட்டாயம், ஐயம் ஆகிய அனைத்தையும் நம் மொழி பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில்தான் வைத்திருக்கிறது. வினை இறுதியில் வரும் மொழிகளைப் பேசுபவர்கள் அதற்காகவே பொறுமையாகக் காத்திருப்பார்கள் என்று எண்ணத் தோன்றும். ஆனால், முன்னர் சொன்ன 10 மொழிகளுள், வினையை இறுதியில் வைக்கும் ஜப்பானிய மொழியில்தான் சராசரி இடைவெளி மிகக் குறைவாக, ஏறத்தாழ 7 மில்லி விநாடியாக இருந்தது. மொழியின் அமைப்பு எதுவாயினும் மூளை முன்கூட்டியே ஓடுகிறது.

காணொலிக் கூட்டங்கள் நம்மைக் களைப்படையச் செய்வதற்கும் இதனோடு தொடர்பு உண்டு. நேரில் பேசும்போது சராசரியாக 135 மில்லி விநாடியாக இருந்த, ஒருவர் முடித்து மற்றவர் தொடங்கும் இடைவெளி, இணையவழிக் காணொலியில் 487 மில்லி விநாடியாக நீண்டதை 2021இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. தாமதம் செய்தது இணைப்புதான் என்றாலும், நம் மனம் அதை எதிரில் இருப்பவரின் தயக்கமாகவோ அக்கறைக் குறைவாகவோ படித்துவிடுகிறது.

மௌனத்தைச் சற்று நீட்டினால் என்ன ஆகும் என்பதற்கான மிகச் சிறந்த சான்று வகுப்பறையிலிருந்து வருகிறது. அமெரிக்க அறிவியல் கல்வியாளர் மேரி பட் ரோ, பள்ளி வகுப்புகளின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தபோது, கேள்வி கேட்ட ஆசிரியர்கள் விடைக்காகச் சராசரியாக ஒரு விநாடி மட்டுமே காத்திருந்ததைக் கண்டார். அதை மூன்று விநாடிக்கு நீட்டியதும் மாணவர்களின் விடைகள் நீண்டன. காரணங்களும் சான்றுகளும் அவற்றில் இடம்பெற்றன. பேசாதிருந்த பிள்ளைகள் பேசினார்கள். மாணவர் சொல்லி முடித்த பிறகு ஆசிரியர் உடனே பேசாமல் காக்கும் அந்த இரண்டாவது மௌனமும் பயன் தருகிறது என்பதே அவருடைய கண்டறிதலில் என்னை மிகவும் ஈர்த்த பகுதி.

அனைவரின் ஒப்புதலோடும் ஒலிப்பதிவு செய்த ஒரு திட்டக் கூட்டத்தை நான் பின்னர் கேட்டுப் பார்த்தேன். "இந்தக் கால அட்டவணை உங்களுக்கு ஒத்துவருமா?" என்று கேட்டுவிட்டு, ஒரு விநாடிகூடக் கழியாமல் அடுத்த பொருளுக்கு நகர்ந்திருந்தேன். அந்தச் சிறு இடைவெளிக்குள், குழுவில் மிக இளையவர் பேசுவதற்காக மூச்சை உள்ளிழுக்கும் ஒலி தெளிவாகப் பதிவாகியிருந்தது. அட்டவணை நடக்காது என்று அவர் சொல்லவிருந்ததை இரண்டு வாரம் கழித்துத்தான் அறிந்தேன். அந்த மூச்சொலியை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை.

இத்தகைய அளவீடுகள் இருக்க, தகவல் தொடர்பில் சொற்களின் பங்கு 7 விழுக்காடுதான், மற்றவை குரலும் உடல்மொழியும் என்று பயிற்சி வகுப்புகளில் இன்றும் கற்பிக்கிறார்கள். ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967இல் வெளியிட்ட ஆய்வுகள், தனித்தனிச் சொற்களையும் குரலையும் முகபாவத்தையும் கொண்டு விருப்பு வெறுப்பைக் கணிப்பதைப் பற்றியவை. அதைத் தாண்டி அந்த எண்கள் பொருந்தா என்று அவரே சொல்லியிருக்கிறார். படித்தவர்களிடையே உலவும் மூடநம்பிக்கை என்றே இதை நான் கருதுகிறேன். இதற்குச் செலவிடும் பணத்தில் ஒரு சிறு பகுதியையாவது, அன்றாடத் தமிழ் உரையாடல்களைப் பதிவுசெய்து மில்லி விநாடித் துல்லியத்தில் அளக்கும் ஆய்வுகளுக்கு ஒதுக்க வேண்டும்.

இனி 21 நாள். புதிய முகத்துக்கோ இழந்த உறுப்புக்கோ பழகிக்கொள்ள நோயாளிகளுக்குக் குறைந்தது 21 நாள் ஆவதாக மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற ஒட்டறுவை மருத்துவர் 1960இல் எழுதிய குறிப்பே நாளடைவில் பழக்கங்களுக்கான விதியாகிவிட்டது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியினர் 96 தன்னார்வலர்களை 12 வாரம் பின்தொடர்ந்து, அதற்குப் பிந்தைய போக்கையும் அதிலிருந்து கணித்தபோது, ஒரு செயல் தானாக நிகழும் நிலையை எட்ட 18 முதல் 254 நாள் வரை ஆகும் என்று தெரிந்தது. இடைநிலை மதிப்பு 66 நாள்.

"இனி இடைமறிக்க மாட்டேன்" என்ற பொதுவான உறுதி பெரும்பாலும் பயன் தராது. ஏனென்றால் பதில் உருவாவது நம் விருப்பத்தைக் கேட்டு நடப்பதன்று. "இது நடந்தால் இதைச் செய்வேன்" என்று ஒரு குறிப்பிட்ட தூண்டுகுறியோடு செயலைப் பிணைக்கும் திட்டமே வலுவானது என்பதை உளவியலாளர் பீட்டர் கால்விட்சரும் அவரைத் தொடர்ந்தவர்களும் பல ஆய்வுகளில் காட்டியுள்ளனர். தமிழ் பேசும் வாசகருக்குத் தூண்டுகுறி கைவசமே இருக்கிறது: எதிரில் இருப்பவரின் வினைமுற்று காதில் விழுந்ததும் ஒரு முறை மூச்சை மெதுவாக உள்ளிழுத்து வெளிவிட்டு, அதன் பிறகு பேசுங்கள். மனத்தில் உருவான பதில் மறந்துபோகும் என்ற அச்சம் இருந்தால் அதன் ஒரு சொல்லைத் தாளில் குறித்துக்கொள்ளலாம். ஒரு கூட்டத்தில் தவறிவிட்டால் மறுபடி முதலிலிருந்து நாளை எண்ண வேண்டியதில்லை. லண்டன் ஆய்வில் இடையில் ஒரு நாள் விடுபட்டவர்களுக்கும் பழக்கம் உருவாவது பெரிதாகத் தடைபடவில்லை.