வேப்பிங்கை ‘ஆவி பிடித்தல்’ என்று எழுதாதீர்கள்

மின்சிகரட் இழுக்கும் வேப்பிங்குக்கு ‘ஆவி பிடித்தல்’ என்று எழுதுகிறவர்கள் கூடிக்கொண்டு வருகிறார்கள். இன்னும் கொஞ்சம் யோசித்தவர்கள் ‘நீராவிச் சிகரட்’ என்கிறார்கள். இரண்டும் பிழை. இருதய வருத்தக்காரர் வாசிக்கும் துண்டுப்பிரசுரத்தில் வந்தால் ஆபத்தான பிழை.

சொல்லின் மூலத்தை நீட்ட அதிகமில்லை. இலத்தீனில் ‘வபோர்’ என்றால் நீராவி, வெக்கை. ஆங்கிலத்தில் அது ‘வேப்பர்’ ஆகி, பிறகு வால் அறுந்து ‘வேப்’ ஆயிற்று. இன்றைய மின்சிகரட்டை 2003 அளவில் உருவாக்கியவர் ஹொன் லிக் என்ற சீன மருந்தாளர். 2014 இல் ஒக்ஸ்போர்ட் அகராதிக்காரர் ‘வேப்’பை அந்த ஆண்டின் சொல்லாகத் தெரிந்தார்கள்.

சிக்கல் என்னவென்றால், ஆங்கிலச் சொல்லே வியாபாரிக்கு வசதியான பொய். பற்றரி ஒரு கம்பிச்சுருளைச் சூடாக்குகிறது. சுருளுக்குள் இருக்கும் பஞ்சு திரவத்தில் ஊறியிருக்கிறது. அந்தத் திரவத்தின் பெரும்பகுதி புரொப்பிலீன் கிளைக்கோலும் கிளிசரினும். முன்னது 188 பாகையிலும் பின்னது 290 பாகையிலும் கொதிப்பவை. 100 பாகையில் கொதிக்கும் தண்ணீருக்கு அங்கே பெரிய வேலை இல்லை. சுருளில் ஆவியானது வெளியே வந்த கணமே குளிர்ந்து, ஒரு மைக்கிரோமீற்றரிலும் சிறிய துளிகளாகி மிதக்கிறது. கண்ணுக்குத் தெரிகிற வெள்ளை மூட்டம் அந்தத் துளிகள்தான். அதோடு நிக்கொட்டினும் சுவையூட்டியும் சுருளிலிருந்து கழன்ற உலோகத் துணுக்கும் போகும். பஞ்சு காய்ந்த பிறகும் இழுத்தால் சூடு எகிறி, கிளிசரின் உடைந்து அக்ரொலீன் வரும். தாச்சியில் எண்ணெய் கருகும்போது கண்ணைக் கரிக்கிற அதே நெடி.

இப்போது தமிழுக்கு வருவோம். நம் வீடுகளில் ஆவி பிடித்தல் என்பது தடிமனுக்குச் செய்கிற வைத்தியம். கொதிநீரில் நொச்சி இலையோ ஒரு துளி சித்தாலேப என்ற மூலிகைத் தைலமோ போட்டு, போர்வையால் மூடிக்கொண்டு மூச்சை இழுப்பது. ஊரில் வேது பிடித்தல் என்றும் சொல்வார்கள். அம்மம்மா செய்துவிட்ட வேலையின் பெயரை நிக்கொட்டினுக்குக் கொடுத்தால், வாசிப்பவர் மனதில் என்ன பதியும்? சளிக்கு நல்லது என்றுதானே! ‘ஆவி பிடிப்பவர்’ என்று ஆளைக் குறிக்கப் போனால் பேயோட்டியாகிவிடுகிறார், அது வேறு கதை. ‘வேப்’ என்றே விட்டுவிடலாமே என்பார்கள். கொழும்பில் பெடியள் ‘வேப் அடிக்கிறது’ என்றுதான் சொல்கிறார்கள், பேச்சுக்கு அது போதும். எழுத்தில் வேற்றுமை உருபு சேர்த்துப் பாருங்கள்: வேப்பை, வேப்பில். வேப்பிலை வாசம் அடிக்கிறது. மறுபடியும் மருந்து!

இந்த மருந்து வாடைதான் இருதய நோயாளரைக் கெடுப்பது. நிக்கொட்டின் மூச்சு வழியே போனால் அரை நிமிடத்துக்குள் மூளையை எட்டி, அதிரினலினைக் கிளப்பும். நாடி வேகமாகும், பிரஷர் ஏறும், குருதிக்குழாய் சுருங்கும். இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் முடியுரு நாடி ஏற்கெனவே அடைத்த ஒருவருக்கு இதன் பொருள்: இதயம் கேட்கிற ஒட்சிசன் கூடுகிறது, வருகிற வழி ஒடுங்குகிறது. நெஞ்சுநோ வரலாம், துடிப்பு ஒழுங்கில்லாதவருக்கு அது இன்னும் குழம்பலாம். அந்த நாடியைத் திறந்துவைக்க ஸ்டென்ட் என்ற சிறு குழாய் வைத்தவருக்கும் இதே கணக்கு. பெட்டியில் 5 வீதம் என்று இருந்தால் ஒரு மில்லிலீற்றரில் ஏறத்தாழ 50 மில்லிகிராம் நிக்கொட்டின். சிகரட் எரிந்து தானே முடிந்துவிடும், இதற்கு முடிவு கிடையாது. மேசையில் இருந்தபடி நாள் முழுக்க இழுக்கலாம். இழுத்த பிறகு நெஞ்சு இறுகி இடது கையோ தாடையோ நொந்தால், ‘ஆவிதானே’ என்று காத்திருக்காமல் இலங்கையின் அம்புலன்ஸ் இலக்கமான 1990 ஐ அழைக்க வேண்டும்.

என் தெரிவு மின்புகை, வினையாக மின்புகைத்தல். எரியாததைப் புகை என்னலாமா என்று கேட்பவர்களுக்கு: தமிழ்நாட்டில் அருவி இருக்கும் ஒகேனக்கல் என்ற ஊரின் பெயரே கன்னடத்தில் புகையும் கல். அங்கே எரிவது ஒன்றுமில்லை, அருவியின் நீர்த்துளி மூட்டம்தான். காற்றில் மிதக்கும் துளிக்குப் ‘புகை’ என்ற பெயர் நம் பக்கத்துக்கு அந்நியமல்ல. மின்கசிவால் வந்த புகை என்று சிலருக்குத் தோன்றக்கூடும். அந்தக் குறையை ஒத்துக்கொள்கிறேன். அரச தமிழின் ‘இலத்திரனியல் சிகரட்’ கருவிக்குச் சரி, ஆனால் அதிலிருந்து வினை பிறக்காது.

வெறும் ‘புகைத்தல்’ என்று எழுதினாலும் போதாது. கிளினிக்கில் ‘புகைப்பீர்களா?’ என்று கேட்டால், மின்புகைப்பவர் மனச்சாட்சியோடு ‘இல்லை’ என்பார். இரத்தம் உறையாமல் காக்கும் வார்ஃபரின் மருந்து எடுப்பவரிடம் இந்த வித்தியாசம் உயிர் விஷயம். சிகரட் புகையின் தார்ச் சேர்மங்கள் ஈரலை முடுக்கி அந்த மருந்தைக் கொஞ்சம் கெதியாக உடைக்க வைக்கும். மின்புகையில் தார் இல்லை. ஆகவே சிகரட்டிலிருந்து மாறியவருக்கு அதே குளிசையில் ஐ.என்.ஆர். (இரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்ற அளவு) ஏறி, இரத்தம் கசியலாம். மாறிய கிழமையே வைத்தியரிடம் சொல்லி இரத்தம் சோதிக்க வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர்களிடம் இன்னொரு வழக்கும் இருக்கிறது. ‘சிகரட்டை விடத் தீங்கு குறைந்தது’ என்று மூலத்தில் இருப்பது தமிழில் ‘பாதுகாப்பானது’ ஆகிவிடுகிறது. நம் மொழியில் ஒப்பீடு ‘விட’ என்ற ஒரு சொல்லில் தொங்குகிறது. அது உதிர்ந்தால் கருத்தே கவிழும். தாரும் காபனோரொட்சைட்டும் இல்லாததால் தீங்கு குறைந்தது என்பது உண்மை. பலவீனமான இதயத்துக்குப் பாதுகாப்பானது என்பது பொய். ‘ஜூஸ்’ என்ற சந்தைப் பெயரைச் ‘சாறு’ என்று எழுதியவருக்கு என்ன சொல்வது? நிக்கொட்டின் திரவம் என்று எழுத எவ்வளவு நேரம் எடுக்கும்?

கிளினிக் படிவம் தயாரிப்பவர்கள் இரண்டு பெட்டி போடட்டும்: புகைப்பீர்களா, மின்புகைப்பீர்களா. இரண்டாவதன் பக்கத்தில், ஒரு மில்லிலீற்றருக்கு எத்தனை மில்லிகிராம் என்று எழுத ஒரு சின்னக் கோடு.