வாய்தா: ஒரு கோர்ட் சொல்லின் ஊரும் உறவும்

தமிழ்நாட்டுக் கோர்ட் வாசலில் 'வாய்தா' என்ற சொல்லுக்கு யாரும் அகராதி பார்ப்பதில்லை. "இன்னைக்கு வாய்தா", "எதிர்த்தரப்பு வக்கீல் மறுபடியும் வாய்தா வாங்கிட்டார்", "வாய்தாவுக்கு அலைஞ்சே செருப்பு தேஞ்சது" என்று பேச்சில் சரளமாக வரும். மும்பை வந்தால் கதை வேறு. தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் இருக்கிற நம்மவர்கள் கோர்ட்டுக்குப் போகும் நாளை 'தாரீக்' என்பார்கள். மாட்டுங்கா, செம்பூர்ப் பக்கம் 'டேட்' என்பார்கள். ஒரு குஜராத்தி வியாபாரியிடம் போய் 'வாய்தா' என்றால் அவருக்குக் கோர்ட் ஞாபகமே வராது. பருத்தி, தங்கம், சரக்குச் சந்தை இவைதான் ஞாபகம் வரும். ஒரே சொல், இரண்டு தொழில்.

மூலம் அரபுச் சொல். அரபியில் 'வஅத்' என்ற வேருக்கு வாக்குக் கொடுத்தல் என்று பொருள். பாரசீகம் அதை எடுத்துக்கொண்டது, அங்கிருந்து உருதுக்கும் இந்திக்கும் வந்தது. இந்தியில் 'வாதா' என்றால் இன்றும் வாக்குறுதிதான். அதன் இன்னொரு வடிவம் 'வாய்தா'. மராத்தியிலும் குஜராத்தியிலும் இது 'குறித்த கெடு', 'இந்த நாளில் தருகிறேன் என்ற உடன்பாடு' என்ற பக்கமாகச் சாய்ந்தது. வாக்குக் கொடுத்தால் ஒரு நாளும் குறிக்கத்தானே வேண்டும்? அந்த நாளே பிறகு சொல்லின் பொருளாகிவிட்டது.

அந்தச் சாய்வு பம்பாயில் ஒரு பெரிய சந்தைக்கே பெயர் கொடுத்தது. பின்னொரு நாளில் சரக்கை ஒப்படைப்பதாக இன்றே விலை பேசி முடிக்கும் வியாபாரத்துக்கு 'வாய்தா பஜார்' என்று பெயர். தமிழில் முன்பேர வணிகம் என்கிறோம். பம்பாய் பருத்தி வணிகச் சங்கம் 1875-இல் இதை முறைப்படி தொடங்கியது. பின்னாளில் மத்திய அரசு அமைத்த முன்பேரச் சந்தை ஆணையத்துக்கும் இந்தியில் 'வாய்தா பாஜார் ஆயோக்' என்றே பெயர். 2015-இல் அது பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியோடு இணைக்கப்பட்டது. அதனால் ஒரு மும்பைத் தமிழர் தன் குஜராத்தி வியாபாரக் கூட்டாளியிடம் "எனக்கு வியாழக்கிழமை வாய்தா இருக்கு" என்றால், இவர் கோர்ட்டுக்குப் போகிறார் என்று அவர் நினைக்க மாட்டார். சந்தையில் ஏதோ கணக்கு முடிக்க வேண்டியிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்.

தெலுங்குக்காரர்களோ இந்தச் சொல்லை வீட்டுக்குள்ளேயே கொண்டுபோய் வைத்துக்கொண்டார்கள். சட்டசபை ஒத்திவைப்பும் அங்கே 'வாயிதா'தான், தவணை முறையில் வண்டி வாங்குவதும் 'வாயிதா'தான். கன்னடத்தில் 'வாயிதே' என்றால் கெடு. தமிழிலும் கோர்ட்டுக்கு வெளியே இதற்கு ஒரு பழைய வாழ்க்கை உண்டு. கிராமத்தில் நிலவரித் தவணைக்கு 'வாய்தா' என்ற பெயர் இருந்தது. "வாய்தா கட்டியாச்சா?" என்றால் வரி கட்டியாச்சா என்று அர்த்தம். கடன் கேட்டு வந்தவனிடம் சாக்குச் சொல்லி அனுப்புவதை 'வாய்தா சொல்றது' என்கிறோமே, அதிலும் வாக்குறுதியின் பழைய நிறம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சிலர் இதை வாய் + தா என்று பிரித்து, 'வாயால் தருவது, அதாவது வாக்கு' என்று விளக்குவார்கள். கேட்க அழகாகத்தான் இருக்கும், சரியல்ல. ஜாமீன், ஜப்தி, அமீனா, வக்காலத்து, பிராது, ராஜி, ஆஜர் எல்லாம் எந்த வழியாகத் தமிழுக்கு வந்தனவோ அதே பாரசீக, இந்துஸ்தானி ஆட்சிமொழி வழியாகத்தான் வாய்தாவும் வந்தது.

சரி, தமிழில் என்ன சொல்வது? ஆட்சித் தமிழிலும் பத்திரிகையிலும் 'ஒத்திவைப்பு' நிலைத்துவிட்டது. ஒத்துதல் என்றால் நகர்தல், விலகுதல். கூட்டத்தில் வழி கேட்கும்போது "கொஞ்சம் ஒத்துங்க" என்பதில் வருகிற அதே வினை. ஒரு வழக்கை நகர்த்தி இன்னொரு நாளில் வைப்பது ஒத்திவைப்பு. நல்ல சொல், எனக்கும் பிடிக்கும். ஆனால் சிவில் வழக்குகளில் பக்கத்திலேயே ஒரு வம்பு இருக்கிறது. வீட்டை ஒத்திக்கு விடுவது என்றால் பணம் வாங்கிக்கொண்டு அனுபவ உரிமையைக் கொடுப்பது. அது 'ஒற்றி' என்ற பழஞ்சொல்லின் பேச்சு வடிவம், இதற்கும் அதற்கும் உறவில்லை. "ஒத்தி வழக்கு ஒத்திவைக்கப்பட்டது" என்று ஒரு வரி எழுதவேண்டி வந்தால் கொஞ்சம் நிதானித்து எழுதுங்கள்.

இன்னொரு சங்கடமும் உண்டு. 'வாய்தா' இரண்டு வேலை செய்கிறது: தள்ளிவைக்கும் செயலையும் குறிக்கும், அடுத்து வரவேண்டிய நாளையும் குறிக்கும். ஒத்திவைப்பு முதல் வேலையை மட்டும்தான் செய்யும். "எனக்கு நாளைக்கு ஒத்திவைப்பு" என்று யாராவது சொல்வார்களா? அந்த இடத்தில் 'விசாரணை நாள்' என்பதே சரி. பணம் கட்டுவதற்கோ பதில் மனு போடுவதற்கோ கொடுக்கும் கால அளவுக்குத் 'தவணை' அல்லது 'கெடு' பொருந்தும். ஒரு வாய்தாவுக்கு மூன்று தமிழ்ச் சொல் தேவைப்படுகிறது என்பதால்தான் கோர்ட்டில் வாய்தா இன்னும் உயிரோடு இருக்கிறது என்று நினைக்கிறேன். அதை விரட்ட வேண்டிய அவசியமும் எனக்குத் தெரியவில்லை. ஆங்கிலச் சொல்லான 'அட்ஜர்ன்மென்ட்' கூடப் பழைய பிரெஞ்சில் 'குறித்த நாளுக்கு' என்ற பொருளில் பிறந்ததுதான். 'ழூர்' என்றால் அங்கே நாள். தாரீக்கும் நாள், டேட்டும் நாள்.

பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குத் தனி வழக்குமொழி வேறு இருக்கிறது. 1862-இல் தொடங்கிய நீதிமன்றம். அன்றைக்கு விசாரிக்க வேண்டிய வழக்குப் பட்டியலை அங்கே 'போர்டு' என்கிறார்கள். வழக்கைத் தள்ளிவைத்தால் உத்தரவில் 'ஸ்டாண்ட் ஓவர்' என்று வரும், அதையும் சுருக்கி 'எஸ்.ஓ.' என்று எழுதி அடுத்த தேதி போடுவார்கள். வழக்கு கூப்பிட்டபோது வக்கீல் வேறு கோர்ட்டில் நின்றால், அதே நாளில் பின்னால் எடுக்கச் சொல்லி 'கீப் பேக்' கேட்பார்கள். டெல்லியில் இதற்குப் 'பாஸ் ஓவர்' என்று பெயர். கீப் பேக் என்பது வாய்தா இல்லை. அன்றைக்கே வழக்கு மறுபடி கூப்பிடப்படும் என்பதால் கட்சிக்காரர் வீட்டுக்குக் கிளம்பிவிடக் கூடாது.

வாய்தாவுக்குச் சட்டத்தில் இடம் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 17-ஆம் கட்டளை (ஆர்டர்). 2002 ஜூலை முதல் நடப்பில் உள்ள திருத்தத்தின்படி விசாரணைக் கட்டத்தில் ஒரு தரப்புக்கு மூன்று முறைக்கு மேல் வாய்தா கூடாது. வக்கீல் வேறு கோர்ட்டில் இருக்கிறார் என்பதும் காரணமாகாது. கேட்கும் தரப்பு மற்றவருக்குச் செலவுத் தொகை கொடுக்க வேண்டியிருக்கும். ஆனால் 2005-இல் உச்ச நீதிமன்றம், சேலம் வழக்கறிஞர் சங்க வழக்கில், கட்சிக்காரரின் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட காரணம் இருந்தால் மூன்றைத் தாண்டியும் கொடுக்கலாம் என்று விளக்கிவிட்டது. வேலை சம்பந்தப்பட்ட வழக்குகள் உயர் நீதிமன்றத்துக்குப் பெரும்பாலும் ரிட் மனுவாகவே, அதாவது அரசியலமைப்புச் சட்டத்தின் கீழ் நேராக உயர் நீதிமன்றத்தில் போடும் மனுவாகவே, வருகின்றன. ரிட் நடவடிக்கைகளுக்குச் சிவில் நடைமுறைச் சட்டம் அப்படியே பொருந்தாது. அதனால் "மூணு வாய்தா முடிஞ்சுபோச்சு, இனி தர மாட்டாங்க" என்ற நம்பிக்கையை அங்கே கொண்டுபோகாதீர்கள்.

எங்கள் ஊர்த் தமிழர் பேச்சில் அதிகம் குழம்புவது வாய்தாவும் ஸ்டேயும்தான். "வாய்தா கிடைச்சிடுச்சு, இனி ஒண்ணும் பண்ண முடியாது" என்று நிம்மதியாகத் தூங்குபவர்கள் இருக்கிறார்கள். வாய்தா விசாரணையைத் தள்ளும், எதிர்த்தரப்பின் கையைக் கட்டாது. கையைக் கட்டுவது ஸ்டே, தமிழில் இடைக்காலத் தடை. மேல்முறையீடு போட்டதே தடை ஆகிவிடாது என்று சிவில் நடைமுறைச் சட்டத்தின் 41-ஆம் கட்டளையின் 5-ஆம் விதி நேராகவே சொல்கிறது. வருமான வரியிலும் இதே கதை. மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போது பாக்கியை வசூலிக்காமல் நிறுத்திவைக்க, தகராறில் உள்ள தொகையில் 20 சதவீதம் கட்டச் சொல்வது நேரடி வரிகள் வாரியத்தின் 2017 சுற்றறிக்கைக்குப் பிறகு வழக்கமாகிவிட்டது. வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் கொடுக்கும் தடைக்கு மொத்தம் 365 நாள் உச்சவரம்பு. தாமதத்துக்கு வரி கட்டுபவர் காரணமில்லை என்றாலும் தடை தானாகவே காலாவதியாகும் என்றிருந்த வாசகத்தை உச்ச நீதிமன்றம் 2021-இல் பெப்சி ஃபுட்ஸ் வழக்கில் செல்லாதென்று சொன்னது. அடுத்தவர் வாங்கிய வாய்தாவுக்கு நீங்கள் ஏன் தண்டனை அனுபவிக்க வேண்டும் என்பதே அதன் சாரம்.

தொழிலாளி பக்கம் வாய்தாவின் விலை வேறு. 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டத்தில் 17-பி என்ற பிரிவு, வேலையில் திரும்பச் சேர்க்கச் சொன்ன தீர்ப்பை எதிர்த்து முதலாளி உயர் நீதிமன்றம் போனால், வழக்கு முடியும்வரை கடைசியாக வாங்கிய சம்பளத்தைத் தொழிலாளிக்குக் கொடுக்க வைத்தது. வேறெங்கும் வேலையில் இல்லை என்று தொழிலாளி பிரமாணப் பத்திரம் தர வேண்டும். அந்த ஏற்பாட்டில் ஒவ்வொரு வாய்தாவும் முதலாளியின் சம்பளப் பட்டியலில் ஒரு மாதத்தைக் கூட்டியது. அப்படி இருந்தபோது வாய்தா கேட்கும் உற்சாகம் குறைந்திருக்கும் என்று ஊகிப்பது கஷ்டமில்லை.

கடைசியாகப் பத்திரிகைகளோடு ஒரு சண்டை. "தீர்ப்பு தேதி குறிப்பிடாமல் ஒத்திவைப்பு" என்று தலைப்புப் போடுகிறார்கள். நடந்திருப்பது ஒத்திவைப்பே இல்லை. வாதம் முடிந்து, தீர்ப்பு எழுதுவதற்காக நீதிபதி வழக்கைக் கையில் வைத்துக்கொண்டிருக்கிறார், இனி யாரும் வாதாட வர வேண்டியதில்லை. 'தீர்ப்புக்காக வைக்கப்பட்டது' என்று எழுதினால் போதும். இந்த வேறுபாடு கட்சிக்காரருக்கு முக்கியம். உயர் நீதிமன்றம் தீர்ப்பை வைத்துக்கொண்டு மூன்று மாதம் ஆகிவிட்டால், விரைவாகச் சொல்லும்படி மனுப்போடலாம். ஆறு மாதம் தாண்டினால் வழக்கை வேறு அமர்வுக்கு மாற்றச் சொல்லித் தலைமை நீதிபதியிடம் கேட்கலாம். 2001-இல் அனில் ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த வழி இது. இன்னும் விசாரணைதான் தள்ளிப்போகிறது என்று நினைத்துக்கொண்டிருப்பவர், அந்த மனுவைப் போட மாட்டார்.